40 பிரதிகளில் ஒரு யானை: மரச்செதுக்கு ஓவியர் நூலைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

கொழும்பு 7 பக்கம் ஓவியக் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் சில வேளைகளில் ஓரத்து மேசை ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சுவரெல்லாம் ஓவியங்கள் தொங்க, அந்த மேசையில் ஒரேயொரு நூல் விரித்து வைக்கப்பட்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள், எதிர்ப் பக்கத்தில் சில வரிகள், தடித்த கடதாசி, கையால் தைத்த கட்டு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 12/40 என்று எழுதியிருக்கும், நாற்பதில் பன்னிரண்டாவது பிரதி என்று அர்த்தம். விலையோ ஒரு சிறிய ஓவியத்தின் விலை. பலர் இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு, “ஒரு புத்தகத்துக்கா இவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்கான பதில் உண்டு. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டவர் அடுத்த முறை அந்த மேசையை விட்டு எளிதில் நகரமாட்டார்.

இப்படிப்பட்ட நூலை ஓவியர் நூல் என்கிறார்கள். ஓர் ஓவியரைப் பற்றிய நூல் வேறு; அவருடைய ஓவியங்களைப் புகைப்படமெடுத்து அச்சிட்ட தொகுப்பு வேறு. ஓவியர் நூலில் நூல்தான் படைப்பு. எந்தப் படம் முதலில் வரவேண்டும், எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும், எந்தக் கடதாசி, என்ன எழுத்து, எப்படித் தையல் என்பதையெல்லாம் ஓவியரே தீர்மானிக்கிறார். பெரும்பாலும் பாதி வேலையைத் தன் கையாலேயே செய்கிறார். ஒரு படத்தைக் கிழித்தெடுத்துச் சட்டமிட்டால் உங்களிடம் நல்ல படம் ஒன்று மிஞ்சும், படைப்பு போய்விடும்.

இதில் மரச்செதுக்குப் படங்களாலான, பழம்பெரும் ஓவியர் ஒருவரின் தூண்டுதலில் பிறந்த, எண்ணிக்கை வரையறுத்த நூல் என்பது ஒரு தனிக் கிளை. இந்த மூன்று அடைமொழிகளும் தற்செயலாக ஒன்றாகச் சேரவில்லை. ஏன் சேர்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள மரத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

கட்டையில் நடப்பது

கச்சேரியிலோ தபால் கந்தோரிலோ இறப்பர் முத்திரை குத்துவதைப் பார்த்திருந்தால் மரச்செதுக்கின் அடிப்படை உங்களுக்குத் தெரியும். மேடாக நிற்பது மையை வாங்கிக் கடதாசிக்குக் கொடுக்கும். பள்ளமானது வெள்ளையாக விட்டுவிடும். ஓவியர் ஒரு பலகையை வழுவழுப்பாகத் தேய்த்து, அதன்மேல் படத்தை வரைந்து, வெள்ளையாக வரவேண்டிய இடங்களைக் கத்தியாலும் உளியாலும் அகற்றுகிறார். எஞ்சி நிற்கும் மேற்பரப்பின்மீது உருளையால் மை தடவி, கடதாசியை வைத்து அழுத்தினால் படம்.

சொல்வதற்கு எளிது. ஆனால் ஒரு கறுப்புக் கோட்டை நினைத்துப் பாருங்கள். தூரிகைக்காரருக்கு அது ஒரே இழுப்பு. செதுக்குகிறவருக்கு அந்தக் கோட்டைத் தொடவே அனுமதியில்லை. அதன் இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு இரு பக்கத்து மரத்தையும் எடுத்துவிட்டு, கோட்டை மெல்லிய வரம்பாக நிற்கவிடவேண்டும். நிழலுக்காகக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் பாடு இன்னும் அதிகம். நான்கு கோடுகளுக்கு நடுவே அகப்பட்ட சின்னஞ்சிறு சாய்சதுரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கவேண்டும். கை ஒரு முறை வழுக்கினால் வரம்பு உடையும். மரத்தில் அழிறப்பர் வேலை செய்யாது. உடைந்த இடத்தைத் தோண்டி, அங்கே ஒரு புதிய துண்டை இறுக்கி ஒட்டி, மீண்டும் செதுக்குவதுதான் வழி.

மரத்துக்கும் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு. மரச்செதுக்குக்குப் பயன்படும் பலகை, மரத்தை நீளவாக்கில் அறுத்தது. அதில் நார் ஒரு திசையில் ஓடும். நாரோடு போகும் கோடு எளிதாக வரும். நாருக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய கோடு பொலபொலவென்று உதிரும். தமிழ் எழுத்தை மரத்தில் செதுக்க முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘ண’, ‘ழ’, ‘ஞ’ போன்றவற்றின் வளைவுகள் நாரோடு சிறிது தூரம் போய், உடனே திரும்பி நாரைக் குறுக்கே வெட்டும்; அந்தத் திருப்பத்தில்தான் சில்லு தெறிக்கும். போதாததற்கு எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும், கடதாசியில் நேராக வருவதற்கு.

ஐரோப்பியச் செதுக்கர்கள் பேரிக்காய் மரத்தை விரும்பினார்கள். ஜப்பானியர் காட்டுச் செரி மரத்தை. இரண்டிலும் நார் நெருக்கமாகவும் சீராகவும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோமஸ் பியூவிக், மரத்தைக் குறுக்காக வெட்டிய முகத்தில் செதுக்கும் முறையை உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்தார். நாரின் தொல்லை அதில் இல்லை, மயிரிழைக் கோடுகள் சாத்தியம். அது தனி வகை. நாம் பேசுவது நாரோடு மல்லுக்கட்டும் பழைய வகையைப் பற்றி. கொழும்பில் இதைச் செய்கிறவருக்கு மொறட்டுவைப் பக்கத்துத் தச்சர் சீவிக் கொடுக்கும் பலகையும் போதும், நல்ல ஒட்டுப்பலகையும் போதும்.

அச்சிட இயந்திரம்கூடக் கட்டாயமில்லை. மை தடவிய கட்டையின்மேல் மெல்லிய கடதாசியை விரித்து, மரக்கரண்டியின் முதுகால் அங்குலம் அங்குலமாகத் தேய்த்தாலே படம் இறங்கும். கடதாசியின் பின்புறத்தில் கோடுகள் மெல்ல நிழலாடுவதைப் பார்த்து, எங்கே இன்னும் அழுத்தவேண்டும் என்று கை முடிவுசெய்கிறது.

புத்தகமும் கட்டையும் ஏன் நண்பர்கள்

ஈய எழுத்துகளைக் கோர்த்து அச்சடித்த காலத்தை நம் வீட்டுப் பெரியவர்களில் சிலர் பார்த்திருப்பார்கள். கொழும்பு அச்சகங்களில் அச்சுக்கோர்ப்பவர்கள் நின்றபடி எழுத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கிக் கோர்ப்பார்கள். அந்த எழுத்தும் மேடாக நின்று மை வாங்குவதுதான். ஆங்கில, அமெரிக்க அளவில் ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். மரக்கட்டையையும் அதே உயரத்துக்குச் சீவிவிட்டால் எழுத்தையும் படத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே மையில், ஒரே அழுத்தலில் அச்சிடலாம். செப்புத் தகட்டில் கீறிய படத்துக்கு இது முடியாது. அங்கே மை பள்ளத்தில் இருக்கிறது. அதற்கு வேறு இயந்திரம், வேறு அழுத்தம், இரண்டாவது தடவை அச்சு.

ஆகவே ஐரோப்பாவில் அச்சு நூல் பிறந்த தலைமுறையிலேயே மரச்செதுக்கு அதன் இயல்பான படமாகிவிட்டது. 1493இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் அன்டன் கோபேர்கர் அச்சிட்ட உலக வரலாற்று நூலில் 1,800க்கு மேற்பட்ட படங்கள் உண்டு. ஆனால் செதுக்கப்பட்ட கட்டைகள் ஏறக்குறைய 645தான். ஒரே நகரத்தின் படம் வேறு வேறு நகரங்களின் பெயரில் திரும்பத் திரும்ப வரும்! படம் எழுத்துக்குப் பணிவிடை செய்த காலம் அது.

அந்தப் படங்களைச் செய்த பட்டறை மிக்கேல் வோல்கெமுட் என்பவருடையது. அங்கே 1486 முதல் தொழில் பழகிய சிறுவன் ஆல்பிரெக்ட் டியூரர். கோபேர்கர் அவனுக்கு ஞானத்தந்தை. 1498இல், 27 வயதில், டியூரர் தானே வெளியீட்டாளராக நின்று ஒரு நூலைக் கொண்டுவந்தார். விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டுக்குப் பதினைந்து பெரிய மரச்செதுக்குகள். லத்தீனில் ஒரு பதிப்பு, ஜேர்மன் மொழியில் ஒரு பதிப்பு.

அதில் அவர் செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். முழுப்பக்கப் படம் தாளின் முன்புறத்தில். எழுத்து முழுவதும் தாளின் பின்புறத்தில். படம் எழுத்துக்கு இடையில் ஒடுங்கி நிற்கவில்லை. எழுத்தும் படத்தோடு வரிக்கு வரி ஒட்டிப் போகவில்லை. நூலைத் திறக்கிறவர் கண்ணில் முதலில் விழுவது படம். ஓர் ஓவியரே திட்டமிட்டு, தானே வெளியிட்ட முதல் நூல் என்று இதைக் கலை வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதனால்தான். இன்றைய ஓவியர் நூல் என்ற எண்ணத்துக்குத் தொடக்கம் தேடுகிறவர்கள் இங்கே வந்து நிற்கலாம் என்பது என் எண்ணம். பாரிசில் 1900 அளவில் வெளியீட்டாளர் அம்புருவாஸ் வொல்லார் ஓவியர்களைக் கொண்டு செய்வித்த விலையுயர்ந்த நூல்களைத்தான் வழக்கமாகத் தொடக்கமாகக் காட்டுவார்கள். ஆனால் அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மனிதர் வேலையை முடித்துவிட்டார்.

அந்தப் பதினைந்தில் ஒரு படத்தையாவது அருகில் பார்க்கவேண்டும். நான்கு குதிரை வீரர்கள் என்ற படம், ஏறக்குறைய 39 சென்ரிமீற்றர் உயரம். வானம் முழுவதும் கிடைக்கோடுகள். மழைக்கால மேகம் போன்ற ஒரு சாம்பல் நிறம் அந்தக் கோடுகளிலிருந்தே கிடைக்கிறது. அச்சில் உள்ளதோ கறுப்பு மை மட்டும். அந்தக் கிடைக்கோடுகளின் குறுக்கே வில், வாள், தராசு ஏந்திய மூவர் இடமிருந்து வலமாகப் பாய்கிறார்கள். குதிரைகளின் உடல்கள் பெரும்பாலும் வெறும் கடதாசி வெள்ளை. கோடு நிறைந்த வானத்தின்முன் வெள்ளை உடல் வருவதால்தான் அந்தப் பாய்ச்சல். தராசு பின்னோக்கி வீசி எறியப்பட்டதுபோல் நிற்கிறது. கீழே இடது மூலையில் எலும்பும் தோலுமான குதிரைமேல் மரணம், கையில் நம் சூலத்தை நினைவூட்டும் மூன்று முள் கொண்ட ஆயுதத்தோடு. அந்தக் குதிரை மற்றவற்றைப்போல் பாயவில்லை, தள்ளாடி வருகிறது. ஒவ்வொரு கோடும் நடுவில் தடித்து நுனியில் மெலிவதைப் பாருங்கள். அதற்கு முந்திய மரச்செதுக்குகளில் பெரும்பாலும் வெளிக்கோடு மட்டும் இருக்கும், வண்ணத்தைப் பிறகு கையால் தீட்டுவார்கள். டியூரர் வண்ணத்துக்கு வேலையே வைக்கவில்லை.

முன்னோரிடமிருந்து எதை எடுப்பது

ஐரோப்பிய ஓவியத்தில் ஏறத்தாழ 1800க்கு முற்பட்ட பெரியவர்களைப் பழம்பெரும் ஆசான்கள் என்று தொகுத்துச் சொல்வது வழக்கம். அவர்களிடமிருந்து எடுப்பதில் நேர்மையான வழியும் உண்டு, குறுக்கு வழியும் உண்டு. டியூரர் உயிரோடிருந்தபோதே இத்தாலியச் செதுக்கர் மார்க்கந்தோனியோ ரைமொந்தி அவருடைய மரச்செதுக்குத் தொடர் ஒன்றைச் செப்புத் தகட்டில் கோடு கோடாகப் பார்த்துச் செய்தார். டியூரரின் கையொப்பமான ஏ, டி எழுத்துச் சின்னத்தையும் சேர்த்தே செய்தார். 1511இல் தன் நூல்களை மீண்டும் வெளியிட்டபோது டியூரர் கடைசிப் பக்கத்தில் திருடர்களுக்கு எச்சரிக்கை அச்சிட்டார், பேரரசர் மாக்சிமிலியனின் ஆணையை ஆதாரம் காட்டி. கோட்டை அப்படியே எடுத்தால் என்ன பெயர் கிடைக்கும் என்பது அன்றே தெரிந்த விடயம்.

நேர்மையான வழி எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு நூலைக் கற்பனை செய்துகொள்வோம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் ஓவியர் அதைச் செய்கிறார் என்று வைப்போம். அவர் எடுத்துக்கொள்ளும் ஆசான் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட். பொருள் ஒரு யானை.

யானை உண்மையானது. பெயர் ஹான்ஸ்கன். 1630 அளவில் இலங்கையில் பிறந்த பெண் யானைக்குட்டி. 1633இல் ஒல்லாந்தரின் கப்பலில் அம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. வித்தைகள் பழக்கி ஐரோப்பாவின் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1637இல் ரெம்பிராண்ட் அதைப் பார்த்துக் கரிய சுண்ணக்கோலால் வரைந்தார். அந்த வரைபடங்களில் ஒன்று, அவருடைய கையொப்பமும் ஆண்டும் உள்ளது, வியன்னாவின் அல்பெர்ட்டினா நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவர் செய்த ஆதாம் ஏவாள் செப்புப் படத்தின் பின்புலத்திலும் சிறிதாக ஒரு யானை நிற்கும். ஹான்ஸ்கன் 1655இல் புளோரன்ஸ் நகரில் இறந்தது; அதன் எலும்புக்கூடு அந்த நகரத்து நூதனசாலையில் இன்றும் இருக்கிறது. அது பிறந்தபோது கொழும்பு போர்த்துக்கேயர் கையில் இருந்தது. அது இறந்த அடுத்த ஆண்டு, 1656இல், ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தார்கள். இன்று கொட்டாஞ்சேனையில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தைக் கட்டியவர்களும் அதே ஒல்லாந்தர்தான், பின்னால் 18ஆம் நூற்றாண்டில்.

நம் ஓவியரின் முதற் பிரச்சினை இதுதான்: ரெம்பிராண்டின் சுண்ணக்கோல் மென்மையானது. வயிற்றின் அடியில் அழுத்திக் கருமையாக்கி, முதுகில் விரலைத் தூக்கி, முழங்காலிலும் தும்பிக்கையிலும் தோலின் மடிப்புகளை விட்டுவிட்டு இழுத்திருக்கிறார். அந்தத் தேய்ப்பு மரத்தில் வராது. மரத்தில் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. அப்படியே பார்த்துச் செதுக்கினால் உயிரற்ற ஒரு நகல்தான் வரும்.

ஆகவே அவர் வேறு கேள்வி கேட்கிறார். ரெம்பிராண்ட் இங்கே எதைத் தேடினார்? தோலின் பாரத்தை. தன் அளவுக்குப் பெரிதான சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற ஒரு பிராணியின் பாரத்தை. அதை மரத்திடம் எப்படிக் கேட்பது? ஒட்டுப்பலகையை எடுத்து, கம்பித் தூரிகையால் நாரின் திசையிலேயே தேய்க்கிறார். மென்மையான பகுதி தேய்ந்து, வன்மையான நார் மேலெழும்பும். மை தடவி அச்சிட்டால் நாரின் வரிகளே யானையின் தோல்மடிப்புகளாகும். உளி தேவைப்படுவது வெளிவடிவத்துக்கும் கண்ணுக்கும் மட்டும். மரத்தின் வரிகளைப் படத்தின் பகுதியாக்கும் இந்த வழியை நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அழகாகப் பயன்படுத்தினார். ஆக நம் ஓவியரின் கையில் இரண்டு முன்னோர் சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது பிரச்சினை வரிசை. ரெம்பிராண்ட் வரைந்தது யானை ஐரோப்பா போன பிறகு. அதற்கு முன்னால் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அது நம் பக்கத்துக் கதை. பன்னிரண்டு படங்கள் என்று வைத்தால், முதல் மூன்றில் யானையே இல்லாமல் காடு மட்டும் இருக்கலாம். நான்காவது கப்பலின் அடித்தட்டு, ஏறக்குறைய முழுக் கறுப்பு, ஒரு வெள்ளைக் கண். ரெம்பிராண்டை நேரடியாக நினைவூட்டும் படம் ஏழாவது இடத்தில் ஒரு தடவை மட்டும். கடைசிப் படம் எலும்புக்கூடு: அங்கே நார் வரிகள் இல்லை, தோல் போய்விட்டது, சுத்தமான உளிக்கோடு. இப்படி முறையே மாறும்போது அந்த மாற்றமே கதை சொல்கிறது. இதைச் சுவரில் பன்னிரண்டு சட்டங்களாகத் தொங்கவிட்டால், நான்காவது பக்கத்தின் இருட்டுக்குள் திடீரென்று புரளும் அனுபவம் கிடைக்காது. அதற்காகத்தான் நூல்.

ஒரு முன்னோரின் தூண்டுதல் என்று நூலின் முன்னுரை சொன்னால், அவருடைய படத்தை முதலில் பார்த்துவிட்டு, இவர் எதை விட்டுவிட்டார் என்று தேடுங்கள். விட்டதில்தான் ஓவியரின் சொந்த அறிவு தெரியும்.

ஏன் 40 மட்டும்

டியூரர் எண்ணிக்கை வரையறுக்கவில்லை. கட்டை தாங்கும்வரை அச்சிடுவதுதான் அக்கால வழக்கம். 1515இல் அவர் செய்த காண்டாமிருகம் இதற்கு நல்ல சான்று. அந்த விலங்கும் நம் பக்கத்திலிருந்து போனதுதான். குஜராத் சுல்தான் போர்த்துக்கேய ஆளுநர் அல்புகேர்க்கிடம் கொடுத்து, அவர் லிஸ்பனுக்கு அனுப்பியது. டியூரர் அதைக் கண்ணால் காணவில்லை. யாரோ அனுப்பிய கடிதத்தையும் கிறுக்கல் படத்தையும் வைத்துச் செய்தார். ஆகவேதான் முதுகில், உண்மையில் இல்லாத சிறுகொம்பு ஒன்றும் கவசம் போன்ற தோலும். அந்தக் கட்டை அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பிறகும் அச்சாகிக்கொண்டிருந்தது. 1620 அளவில் அம்ஸ்டர்டாமில் இன்னொரு கட்டையால் நிறம் சேர்த்து அச்சிட்டபோது, பழைய கட்டையில் வெடிப்பும் பூச்சித் துளைகளும் விழுந்திருந்தன. அந்தப் பிரதிகளில் விலங்கின் கால்களின் குறுக்கே வெடிப்பு வெள்ளையாக ஓடுவதைக் காணலாம்.

அச்சுப் படங்களுக்குப் பென்சிலால் கையொப்பமிடுவதும் எண்ணிடுவதும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவின. அதற்குள் புகைப்படமும் இயந்திர அச்சும் வந்து, படம் என்பது எவ்வளவு வேண்டுமானாலும் பெருகக்கூடிய ஒன்றாகிவிட்டது. கையால் செய்ததை வேறுபடுத்திக் காட்டவேண்டிய தேவை வந்தது. வியாபாரக் காரணமும் உண்டு, மறுக்கவேண்டியதில்லை: குறைவானது விலை போகும். ஆனால் ஓவியர் நூலில் எண்ணிக்கையை முதலில் தீர்மானிப்பது உழைப்பு.

நம் யானை நூலையே கணக்குப் பார்ப்போம். பன்னிரண்டு கட்டைகள், 40 பிரதிகள். ஓவியர் தனக்கும் உதவியவர்களுக்கும் வைத்துக்கொள்ளும் நான்கு பிரதிகள் தனி. அவற்றில் எண்ணுக்குப் பதிலாக ஏ.பி. (artist's proof, ஓவியரின் பிரதி) என்று எழுதுவார்கள். கெட்டுப்போவதற்கும் சேர்த்து ஒவ்வொரு கட்டையிலும் 50 தாள் எடுத்தால் 600 அச்சுகள். கரண்டியால் தேய்த்து எடுப்பதற்கு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 6,000 நிமிடம், அதாவது 100 மணித்தியாலம். செதுக்கிய காலம் இதில் இல்லை. எழுத்துக் கோர்ப்பு, மடிப்பு, தையல், அட்டை எதுவும் இல்லை. இதையெல்லாம் கூட்டிவிட்டு விலையை 40ஆல் பெருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஓவியருக்கு மிஞ்சும் கூலி நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

நூலின் கடைசிப் பக்கக் குறிப்பை நான் எப்போதும் முதலில் படிப்பேன். எத்தனை பிரதி, எந்தக் கடதாசி, எந்த எழுத்து, யார் அச்சிட்டார், யார் கட்டினார், கட்டைகளுக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் அங்கே இருக்கவேண்டும். பதிப்பு முடிந்ததும் சிலர் கட்டையின் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கீறி, இனி அச்சிட முடியாதபடி செய்துவிடுகிறார்கள். சிலர் கட்டையை வைத்துக்கொண்டு வாக்குறுதியைக் காப்பாற்றுகிறார்கள். எப்படியிருந்தாலும் 12/40 என்பது வாங்குகிறவருக்கு எழுதிக் கொடுத்த வாக்கு. பன்னிரண்டாவது என்பதால் முதலாவதைவிட மட்டம் என்று அர்த்தமில்லை. மரக்கட்டை நாற்பதில் தேய்ந்துவிடாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கணினி அச்சுப்பொறியில் எடுத்த ஓவிய நகல்களுக்கும் கீழே பென்சிலால் எண் போட்டு, வரையறுத்த பதிப்பு என்று விற்பதைக் கொழும்பிலும் காண்கிறோம். அழகாக இருந்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் அங்கே கட்டையும் இல்லை, தகடும் இல்லை. கோப்பு அப்படியே இருக்கிறது. மரச்செதுக்கின் விலையை அதற்குக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. “இது கட்டையிலிருந்து எடுத்ததா, ஓவியத்தின் நகலா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நேர்மையான ஓவியர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

எண்ணிக்கை குறைந்த கைவேலை நூல் என்பது நமக்கு அந்நியமான மரபு என்றும் எண்ணவேண்டாம். 1877இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெருநூலை இங்கிலாந்தில் தன் வீட்டோடு சேர்ந்த அச்சகத்தில், தன் மேற்பார்வையிலேயே அச்சிட்டார். ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொரிஸ், மத்தியகால ஆங்கிலக் கவிஞர் சோசரின் கவிதைகளை அச்சிட்ட அதே கை அச்சு இயந்திரம்தான் அதற்குப் பயன்பட்டது. 1907 செப்டெம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். அது ஆய்வு நூல், மரச்செதுக்கு நூல் அல்ல. ஆனாலும் கைவினையைப் பற்றிப் பேசும் நூல் கைவினையாலேயே செய்யப்படவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். இன்று தேசிய கலாபவனம் நிற்கும் வீதிக்கு அவருடைய பெயர்தான்.

கையில் எடுக்கும்போது

மேசையில் இருக்கும் நூலைத் தொட அனுமதி கேளுங்கள்; பெரும்பாலும் கிடைக்கும். கை ஈரமில்லாமல் இருக்கட்டும், கொழும்பு வெயிலில் நடந்து வந்திருந்தால் முதலில் துடைத்துக்கொள்ளுங்கள். தாளை மேல் மூலையில் பிடித்துப் புரட்டுங்கள். பிறகு ஒரு தாளைச் சாய்த்து, யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். கட்டையில் அழுத்திய படமானால் கறுப்பின் விளிம்பில் மை சற்றுத் தடித்துப் பிதுங்கியிருக்கும். அழுத்தம் பலமாக இருந்திருந்தால் பின்புறத்திலும் கோடுகளின் தடம் தெரியும். பெரிய கறுப்புப் பரப்புகளுக்குள் நாரின் வரி மெல்லத் தெரிகிறதா என்று தேடுங்கள். வெள்ளைப் பகுதியில் அங்கங்கே சிறு கறுப்புத் தீற்றல்கள் தென்பட்டால் அவற்றைக் குறையென்று எண்ணவேண்டாம். உளி விட்டுவைத்த மேடுகளில் மை தொட்டிருக்கிறது. சில ஓவியர்கள் அவற்றை வேண்டுமென்றே விடுகிறார்கள், செதுக்கிய திசை தெரியட்டும் என்று.

வாங்கிவிட்டால் நம் காலநிலைதான் முதல் எதிரி. ஈரப்பதம் கடதாசியில் பூஞ்சணத்தைக் கொண்டுவரும், கறையானும் இராமபாணப் பூச்சியும் கடதாசியையும் பசையையும் தேடி வரும். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் அடைபடும். அமிலமில்லாத அட்டைப்பெட்டி நல்லது. சில வாரங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துப் புரட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது. பூட்டி வைத்த நூலில்தான் பூச்சி வளரும், தவிரவும் இது புரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. புதிதாக அச்சான நூலென்றால் மை முழுவதும் காய்ந்துவிட்டதா என்று ஓவியரிடம் கேளுங்கள். எண்ணெய் மை மழைக்காலத்தில் காய நாட்கணக்கில் எடுக்கும், காயாத பக்கத்தை மூடினால் எதிர்ப் பக்கத்தில் யானையின் நிழல் பதிந்துவிடும்.

வாங்க வசதியில்லாதவர்கள் பார்ப்பதற்கும் வழி உண்டு. லயனல் வென்ட் அரங்கின் காட்சிக்கூடத்திலும் ஹோர்டன் பிளேசில் உள்ள ஜே. டி. ஏ. பெரேரா காட்சிக்கூடத்திலும் அச்சுக்கலைப் படைப்புகள் இடையிடையே காட்சிக்கு வரும்போது போய்ப் பாருங்கள். போவதற்கு முதல் நாள் இரவு டியூரரின் நான்கு குதிரை வீரர்களையும் ரெம்பிராண்டின் 1637ஆம் ஆண்டு யானையையும் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய நூதனசாலைகள் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பிறகு மேசையில் இருக்கும் நூலைத் திறந்து, ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் இரு பக்கமும் எத்தனை வெட்டு விழுந்திருக்கும் என்று எண்ணத் தொடங்குங்கள். ஓவியர் அருகில் இருந்தால் எந்தக் கட்டை தன்னை மிகவும் பாடுபடுத்தியது என்று கேளுங்கள். அவர் எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறாரோ, அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்.